போர்ட்டிகோவில் வைத்த பெட்டி

நான் மாட்டிய முதல் பதினைந்து ரவுட்டர்களும் வீட்டுக்கு வெளியே, போர்ட்டிகோ சுவரில்தான் தொங்கின. படித்த படிப்புப்படி அது தப்பு. இணையப் பெட்டியை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும், அங்கிருந்துதான் வைஃபை நாலு பக்கமும் ஓரளவு சமமாகப் போகும். நான் கோயம்புத்தூரில் நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். தெரிந்தேதான் வெளியே மாட்டினேன். ஏன் என்று ஒருவர் கேட்கும்வரை என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தியூருக்கு மேற்கே, மலையைப் பார்த்துப் போகிற பக்கத்தில், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை. அவரவர் தோட்டத்துக்கு நடுவில் அவரவர் வீடு. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இத்தனை தூரம் கேபிள் இழுத்து இத்தனை வீடுதானா என்று திரும்பிப் போய்விட்டார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஒரு லைன் வந்தது. அதோடு நின்றது. அதற்கு வைத்த இரும்புப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று நான் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் இன்னொருவரைக் கை காட்டினார்கள்.

அப்போது நான் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஏசி அறை, அடையாள அட்டை, வெள்ளிக்கிழமை ஆனால் பிரியாணி. அதை விட்டுவிட்டு, அந்தியூரில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், "அண்ணா, டிவியெல்லாம் இனி யாரு பார்க்கறாங்க, பைபர் போடலாமுங்க, தோட்டம் தோட்டமா நான் இழுத்துத் தாரேன்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நடப்பியா?" என்று கேட்டார். "நடப்பனுங்க" என்றேன். நண்பர்கள் குரூப்பில் சிரித்துத் தள்ளினார்கள். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை. மஞ்சள் மார்க்கெட் விலையை வயலில் நின்றே பார்க்கலாம், மோட்டாரைப் போனில் போடலாம், கல்யாணமாகி வந்த பெண்கள் படித்த படிப்பை மறக்காமல் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசினேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடத் தப்பவில்லை.

பேச்சு அவ்வளவு. வேலையோ முழுக்கத் தனியாகச் செய்வது. பைக்கில் கேபிள் சுருள், முதுகில் பைபர் கண்ணாடி நாரை ஒட்டுகிற மெஷின், தலைக்கு மேல் தென்னை. காலையில் பேச ஆரம்பித்த வாக்கியம் ஒன்று சாயங்காலம் வரை வாயிலேயே இருக்கும். கண்ணாடி நாரின் இரண்டு முனைகளும் மெஷினில் சேர்கிறபோது திரையில் ஒரு கோடு மறைந்து ஒன்றாகும். அதைப் பார்த்து, "பாரு, சேர்ந்துருச்சு" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். கேட்க மாடு இருந்தது. நண்பர்கள் குரூப்பில் கம்பத்தின் உச்சியிலிருந்து எடுத்த படங்களைப் போடுவேன். முதலில் கைதட்டல் பொம்மைகள் வந்தன. பிறகு பார்த்துவிட்டதற்கான இரண்டு நீல டிக்குகள் மட்டும்.

ஒவ்வொரு புது வீட்டிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "வாங்க தம்பி, வாங்க. உக்காருங்க." அப்புறம் தண்ணீர். அப்புறம் அந்தக் கேள்வி, கொஞ்சமும் முகம் கோணாமல், பாசமாக: "தம்பிக்கு எந்தப் பக்கமுங்க?"

"சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவுங்க."

"ஓ. சரிங்க, சரிங்க."

அவ்வளவுதான் நடக்கும். மரியாதை ஒரு சொட்டுக் குறையாது, இன்னும் இரண்டு 'ங்க' கூடத்தான் சேரும். ஆனால் அதற்கப்புறம் நான் நிற்கிற இடம் போர்ட்டிகோவைத் தாண்டாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்தத் தோட்டங்களில் வேலை செய்து வளர்ந்தவர்கள். இப்போது மில், டிரைவர் வேலை, நர்ஸ் வேலை என்று பிரிந்துவிட்டோம். என் அப்பா பெருந்துறையில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. எங்கே நிற்க வேண்டும் என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சின்ன வயதில் அவர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போய், அவர் எங்கே நின்றார் என்று பார்த்ததே போதுமாக இருந்திருக்கிறது.

அதனால் அந்தக் கேள்வி முடிந்ததும் நானே முந்திக்கொள்வேன். "இங்கயே போர்ட்டிகோவுல வெச்சுரலாமுங்க, நல்லா எடுக்கும்." அவர்களுக்கும் ஒரு சங்கடம் மிச்சம், எனக்கும் மிச்சம். சுறுசுறுப்பான பையன் என்று பேர் வாங்கினேன். பதினான்கு வீட்டில் யாருமே குறை சொல்லவில்லை. முன்னால் உட்கார்ந்து போன் பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

பதினைந்தாவது வீட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

பழைய ஓட்டு வீடு, முன்னால் புதிதாக இழுத்துக் கட்டிய கான்கிரீட் போர்ட்டிகோ. பழைய பகுதியின் சுவர் ஒன்றரை அடி கருங்கல். வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மருமகள் கோவையில் படித்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களுக்குக் குறியீடு போடுகிற வேலையில் இருந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே அதைச் செய்ய அனுமதி வாங்கியிருந்தார். நோயாளிகளின் விவரம் என்பதால் கதவு சாத்திய தனி அறையில்தான் செய்ய வேண்டும், கேமரா எப்போதும் போட்டிருக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த தனி அறை வீட்டின் கடைசியில், சமையலறைக்கும் சாமி ரூமுக்கும் பின்னால் இருந்தது.

நான் பெட்டியை வழக்கம்போல போர்ட்டிகோவில் மாட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது வாரம் போன் வந்தது.

"ஏனுங்க, லைன் நின்னு நின்னு வருதுங்க. கேமராவுல நான் செலையாட்டம் இருக்கறேன்னு டீம் லீடர் சொல்றாங்க."

"நான் பார்க்கறேன் மேடம்."

"மேடம்னு சொல்லாதீங்க. பேங்க்ல வரிசைல நிக்கற மாதிரி இருக்குது."

அக்கா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்கப்புறம் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமலேயே பேசினேன். விஷயம் இதுதான்: வரும் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கம்பெனி அவருடைய லைனை ஒரு மணி நேரம் சோதிக்கப் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அறுந்தால் வீட்டு வேலை ரத்து. கோவைக்கு வர வேண்டும், இல்லையென்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தினமும் அந்தியூரிலிருந்து கோவைக்குப் போய்வர யாராலும் ஆகாது. "போச்சுன்னா போச்சுதானுங்க. மறுபடி யாரும் உடமாட்டாங்க" என்றார். யார் விடமாட்டார்கள் என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை போனேன். மாமனார் போர்ட்டிகோவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருமகள் வெளியே வந்து, பெட்டியை அண்ணாந்து பார்த்து, "இதை யாருங்க இங்க வெக்கச் சொன்னது?" என்றார்.

மாமனார் பேப்பரை மடித்தார். "நான் ஒண்ணும் சொல்லலீயே அம்மணி. தம்பிதான் வெச்சாப்டி."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். உண்மைதான். யாருமே சொல்லவில்லை. பதினைந்து வீட்டிலும் யாருமே என்னை வெளியே நில் என்று சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன். முகம் சூடாகி, "சர்வே பண்றப்ப... இங்க லெவல் நல்லா இருந்துச்சுங்க" என்று எதையோ உளறினேன்.

"சரி, உள்ள வாங்க. என்ற ரூம்ப காட்டறேன்" என்று மருமகள் திரும்பினார்.

ஒரு அடி வைத்தேன். ஒரே ஒரு அடி. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டேன்.

"அட, இரும்மா" என்றார் மாமனார். குரலில் கடுமை துளியும் இல்லை. "தம்பிக்கு எதுக்குங்க வீட்டுக்குள்ளாற நொழஞ்சு அலைச்சல்? அந்த ரூம்புக்குப் பின்னால ஜன்னல் இருக்குதல்ல. சுத்திக்கிட்டு அப்பிடியே மாட்டுக் கட்டுத்தாரைப் பக்கமா வந்தீங்கன்னா நேரா இருக்குமுங்க."

நான் முன்கூட்டி ஊகித்தது சரிதான் என்று அப்போது தெரிந்தது. அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனேன்.

ஜன்னல் உயரமாக இருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறினால் கம்பி நெஞ்சுக்கு வந்தது. போர்ட்டிகோவிலிருந்து லைனைக் கழற்றி, வெளிச்சுவரோடு சுற்றி இழுத்து, முனையை வெளியிலேயே ஒட்டி, ஜன்னல் மூலையில் உள்ளே விட்டேன். அதற்கப்புறம் உள்ளே நடக்க வேண்டிய வேலை எல்லாம் அந்தப் பெண்தான் செய்ய வேண்டும். பிளக் பாயிண்ட் ஜன்னலிலிருந்து தெரியாத மூலையில் இருந்தது. அதனால் அவருடைய போனிலிருந்து வீடியோ கால். மொபைல் சிக்னல் ஒரு கோடு. படம் சதுரம் சதுரமாக உடைந்தது.

டிரில்லைக் கம்பிக்கு நடுவில் படுக்கப் போட்டு உள்ளே தள்ளினேன்.

"இதுல எந்தப் பட்டனுங்க?"

"அமுக்கறதுக்கு ஒரே பட்டன்தானுங்க இருக்குது."

"நக்கல் பண்ணாதீங்க. செவுரு உழுந்துச்சுன்னா உங்களத்தான் கை காட்டுவேன்."

"பதினஞ்சு வீட்டுல ஒரு செவுரும் உழுகலீங்க."

"நீங்கதான் ஊட்டுக்குள்ளயே போகலீயே, அப்பறம் எப்படி உழுகும்?"

சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு டிரில் சத்தம் கேட்டது. கருங்கல் இடுக்கிலிருந்து மண் கொட்டுகிற சத்தம், ஒரு இருமல், "ஐயோ, புதுச் சுடிதார்" என்று ஒரு முனகல். முதல் ஸ்க்ரூ கீழே விழுந்து உருண்டது, கட்டிலுக்கடியில் தேடி எடுத்தார். இரண்டாவது நேராக நின்றது. நார் முனையை ஈரத் துணியால் எப்படித் துடைக்க வேண்டும் என்று சொன்னேன், என்னைவிடப் பொறுமையாகத் துடைத்தார். "டிக்குன்னு ஒரு சத்தம் வரணுமுங்க." வந்தது. சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது.

"இப்ப உங்க போன புது வைஃபையில போடுங்க."

என் போனையும் அதிலேயே போட்டேன், ஒரு கணம் படம் நின்றது. அடுத்த கணம் பளிச்சென்று திறந்தது. அந்த அறை முழுசும் தெரிந்தது. மடித்து வைத்த போர்வை, இரண்டு மானிட்டர், சுவரில் ஒட்டிய கல்லூரிப் படம், திறந்திருந்த கதவுக்கு அப்பால் சமையலறை, அதற்கும் அப்பால் ஹாலில் ஓர் ஊஞ்சல், மாலை போட்ட யாரோ ஒரு அம்மாவின் படம். நான் தொட்டி விளிம்பில் நின்று, முதுகுக்குப் பின்னால் எருமை மூச்சு விட, அந்த வீட்டை என் கைப்பேசியில் பார்த்தேன். நான் இழுத்த லைனில் அவ்வளவு தெளிவாக வந்தது.

"நீங்களும் நல்லாத் தெரியறீங்க" என்றார் அவர், ஜன்னலுக்கு வந்து. "கம்பிக்குப் பின்னால. ஜெயில்ல இருக்கற மாதிரி."

"கம்பிக்கு உள்ளார இருக்கறது நீங்கதானுங்க."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "ஆமாங்க" என்றார். "இங்க பேசறதுக்கு ஆளில்லீங்க. மாமா நல்லவருதான். ஆனா காலைல சாப்ட்டீங்களான்னு நான் கேப்பேன், சாயங்காலம் சாப்ட்டியான்னு அவரு கேப்பாரு. அவ்வளவுதான்." டிரில்லைக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்தேன். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "ஸ்பீடு ஒருக்கா பார்த்துருங்க" என்றேன்.

புறப்படும்போது மாமனார் கேட்டுக்கு வந்தார். "திங்கக்கெழம தேங்கா போட ஆளு வருதுங்க. லாரி நிக்கும். வேல இருந்து வந்தீங்கன்னா பைக்க அக்கட்டால நிறுத்திக்கங்க தம்பி."

என் கேபிள் ரோட்டிலிருந்து வீடு வரை வருவது அவருடைய தென்னை வரிசை வழியாகத்தான். கம்பம் நட வழியில்லாமல் மரத்திலேயே கட்டியிருந்தேன். மேலிருந்து ஒரு பச்சை மட்டை சரியாக விழுந்தால் போதும்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே அங்கே இருந்தேன். லாரி நின்றது. மரம் ஏறுகிறவர் எங்கள் தெருக்காரர், என் பெரியப்பா மகன். என்னைப் பார்த்ததும் இடுப்புக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"என்னடா இன்சினியரு, மட்டைக்குக் காவலா?"

"அண்ணா, பத்துல இருந்து பதினோரு மணி வரைக்கும் இந்த வரிசைய மட்டும் உட்டுருண்ணா. அக்கட்ட வரிசைல ஏறிக்கோ."

"தோட்டக்காரரு சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா? லோடு நேரத்துக்கு ஏறலீன்னா லாரிக்காரன் என்னையத்தான் வைவான். போய் அவருகிட்டக் கேட்டுட்டு வா. இப்பிடி வெறப்பா நிக்காத, அவரு ஒண்ணும் கடிக்கமாட்டாரு."

மாமனார் லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். போய்ச் சொன்னேன். ஒரு மணி நேரம்தான், உங்கள் மருமகளுக்குப் பரீட்சை மாதிரி, லைன் அறுந்தால் வேலை போய்விடும் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அம்மணிக்கு வேல போயிருமுங்களா?"

"ஆமாங்க."

"எங்கிட்டச் சொல்லலீயே."

அதை என்னிடம் சொல்லவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவர்கள். வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மரத்தடிக்குப் போய், "ஏப்பா, இந்த வரிசைய கடைசில வெச்சுக்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

வெயில் ஏறியது. நான் கேட்டுக்கு வெளியே, கேபிள் முதல் மரத்தைத் தொடுகிற இடத்தில் நின்று, போனில் எங்கள் ஆப்பைத் திறந்து, லைன் அறாமல் இருப்பதைக் காட்டுகிற அந்த வீட்டின் பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனார் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. அதைக் கேட்டுக்கு வெளியே, வேப்பமர நிழலில் போட்டார். "உக்காருங்க தம்பி. எவ்வளவு நேரம் நிப்பீங்க." உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவரை உட்காரச் சொல்ல அது என் நாற்காலியும் இல்லை.

பத்தரைக்கு அடுத்த வரிசையிலிருந்து ஒரு மட்டை காற்றில் சரிந்து இந்தப் பக்கம் வந்தது. கேபிளை உரசிக்கொண்டு விழுந்தது. கேபிள் ஊஞ்சல் மாதிரி ஆடியது. மாமனார் "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தார். நான் திரையைப் பார்த்தேன். பச்சை. இன்னும் பச்சை. கேபிள் ஆட்டம் குறைந்து நின்றது. மேலே அண்ணன் பாளையைப் பிடித்தபடி எங்களைப் பார்த்து, "ஓகேவா?" என்று கத்தினார். நான் கட்டைவிரலைக் காட்டினேன். மாமனாரும் காட்டினார்.

பதினொன்று ஐந்துக்குச் செய்தி வந்தது. 'முடிஞ்சுதுங்க. ஒரு தடவகூட நிக்கல. ஓகே பண்ணிட்டாங்க. நெம்ப நெம்ப நன்றி.'

மாமனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் முகம் அப்படியே விரிந்தது. என் தோளில் தட்ட வந்த கை பாதி வழியில் நின்று, தன் துண்டைச் சரிசெய்துகொண்டது. "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார். பிறகு உற்சாகமாக, "என்ற மச்சான் தோட்டம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்குது. அங்கயும் பேரன் படிக்கறான். ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க. உங்களுக்கும் சிரமம் இல்லாம போர்ட்டிகோவுலயே..."

"இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "வெளிய வெச்சா எடுக்காதுங்க. நீங்களே பார்த்தீங்கள்ல. ஊட்டுக்கு நடுவுலதான் வெக்கணும். நான் உள்ள வந்துதானுங்க வெக்கணும்."

அவர் துண்டை இன்னொரு தடவை சரிசெய்தார். லாரியில் தேங்காய் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கேட்டுச் சொல்றனுங்க தம்பி" என்றார்.

"சரிங்க" என்றேன். பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. அவர் இன்னும் கேட்டுச் சொல்லவில்லை. மருமகளும் போன் செய்வதில்லை, லைன் நிற்காதபோது எதற்குச் செய்ய வேண்டும்? ஆப்பைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டு லைன் காலை ஒன்பது மணிக்கு வேகம் எடுக்கிறது, மதியம் ஒரு மணிக்கு அடங்குகிறது, இரண்டுக்கு மறுபடி எழுகிறது. சாப்பிட்டிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். போன வாரத்திலிருந்து பழைய பதினான்கு வீடுகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய், பெட்டியை உள்ளே மாற்ற வேண்டும், உள்ளே வரலாமா என்று வாய்விட்டுக் கேட்கிறேன். இரண்டு வீட்டில் வரச் சொன்னார்கள். ஒரு வீட்டில் காபிகூடக் கொடுத்தார்கள், ஹாலில் உட்காரவைத்து. மற்ற வீடுகளில் நெம்ப மரியாதையாக, கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.